மாணவர் கையில் திறன்பேசி: ஒரு கவலை அளக்கப்பட்ட வரலாறு

பல்கலைக்கழக மாணவர்கள் படிப்புக்கும் உறக்கத்துக்கும் உறவுகளுக்கும் இடையூறாகும் அளவுக்குத் திறன்பேசியில் மூழ்குவதற்கு உளவியல் நூல்கள் இன்று ஒரு காரணப் பட்டியலைத் தருகின்றன. மனச்சோர்வு, பதற்றம், தனிமை, தன்மதிப்புக் குறைவு, உந்துதலை அடக்க இயலாமை, சலிப்பைப் பொறுக்க மாட்டாமை, மற்றவர்கள் அனுபவிப்பதில் தனக்கு மட்டும் பங்கில்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவை அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. இவை ஒரே ஆய்வில் ஒருசேரக் கண்டறியப்பட்டவை அல்ல. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டு மாணவர்களிடம், வேறொரு நோய்க்காக வகுக்கப்பட்ட அளவுகோல்களை இரவல் பெற்று, ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை. அவை சேர்ந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், இக்காரணிகளுள் பெரும்பாலானவை திறன்பேசிக்கு முற்பட்டவை என்பதும், அவற்றை ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கருவியைச் செய்வோரும் அவற்றைக் கற்றுத் தம் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டனர் என்பதும் தெரியவரும்.

கணினிக் கூடத்தில் தோன்றிய கவலை

மாணவனையும் இயந்திரத்தையும் இணைத்துப் பேசும் உளவியல் கவலை கைபேசியோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த ஜோசப் வைசன்பாம் 1976இல் வெளியிட்ட நூலில், கணினிக் கூடத்தில் இரவு பகல் பாராமல் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். உடையும் தோற்றமும் கலைந்து, உணவை அமர்ந்த இடத்துக்கே வரவழைத்து உண்டு, விசைப்பலகையின் மீது விரல்களைத் தயாராக வைத்துக் காத்திருக்கும் அவர்களை அவர் சூதாடிகளோடு ஒப்பிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் முழுவதிலும் ஊடாடப்போகும் சூதாட்ட ஒப்புமை, கைபேசி விற்பனைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவ்வாறு ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் உருவாகிவிட்டது.

1989இல் பிரிட்டனின் மார்கரெட் ஷாட்டன் கணினியைச் சார்ந்து வாழ்வோரைப் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, அதை அடிமைத்தனம் எனலாமா என்ற கேள்விக்குறியை வைத்தார். அவர் ஆராய்ந்தவர்களுள் பலர் சிறு வயதிலிருந்தே கூச்ச சுபாவம் உடையவர்கள். மனிதர்களைவிடப் பொருள்களோடு பழகுவதையே எளிதாக உணர்ந்தவர்கள். அவர்களுக்குக் கணினி கேட்டைவிட ஆறுதலையே அதிகம் தந்திருந்தது. இயந்திரம் மனிதனை மாற்றியதா, அல்லது ஒருவகை மனிதன் தனக்கு ஏற்ற இயந்திரத்தைக் கண்டுகொண்டானா என்ற அவருடைய ஐயம் அக்காலத்தில் போதிய கவனம் பெறவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின் அதே ஐயத்தை வேறு பெயரில் மீண்டும் எழுப்ப நேர்ந்தது.

1995இல் நியூயார்க்கின் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் நடையைக் கேலி செய்வதற்காக, இணைய அடிமை நோய் என்று ஒன்றைக் கற்பித்து அதற்கு அறிகுறிகளையும் எழுதி வெளியிட்டார். கேலியாக எழுதப்பட்டதைப் படித்துத் தமக்கும் அந்நோய் இருப்பதாகப் பலர் முன்வந்தனர். மறு ஆண்டில் உளவியலாளர் கிம்பர்லி யங் அதே பொருளைக் கேலியின்றி ஆய்வரங்கில் முன்வைத்து, 1998இல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுமீறிய சூதாட்டத்தைக் கண்டறிய அக்கையேடு தந்திருந்த அளவைகளை அவர் இணையத்துக்கு ஏற்ப மாற்றி எட்டுக் கேள்விகளாக அமைத்தார். ஐந்து கேள்விகளுக்கு ஆம் என்போர் இணையத்தைச் சார்ந்துவிட்டவர் என்பது அவர் வகுத்த எல்லை. பிரிட்டனில் மார்க் கிரிஃபித்ஸ், தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கு ஆறு கூறுகளை முன்வைத்தார்: ஒன்றே மனம் முழுவதையும் ஆக்கிரமித்தல், அதைக் கொண்டு மனநிலையை மாற்றிக்கொள்ளுதல், அதே இன்பத்துக்கு முன்னிலும் கூடுதல் அளவு தேவைப்படுதல், விலக்கும்போது உடலும் மனமும் தவித்தல், வாழ்வின் பிற கடமைகளோடு முரண்படுதல், விட்டபின் மீண்டும் விழுதல். இக்கூறுகளும் சூதாட்ட ஆய்வின் வழியே வந்தவைதான். ஆக, கைபேசி ஆராயப்பட வேண்டிய பொருளாக வந்து சேர்ந்தபோது, அதை அளக்க வேண்டிய கோல் ஏற்கெனவே செதுக்கப்பட்டுத் தயாராக இருந்தது.

கட்டணம் கணக்கில் இருந்த காலம்

கைபேசிக்கென்றே எழுந்த முதல் முக்கிய அளவுகோல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியானா பியாங்கியும் ஜேம்ஸ் பிலிப்ஸும் 2005இல் 195 பேரிடம் 27 கேள்விகள் கொண்ட வினாநிரலை அளித்து, வயது குறைந்தவர்கள், பிறரோடு கலந்து பழகும் இயல்பு மிக்கவர்கள், தன்மதிப்புக் குறைந்தவர்கள் ஆகியோரிடம் கேடு தரும் பயன்பாடு மிகுதி என்று கண்டனர். எளிதில் கலங்கும் மனம் இதற்குக் காரணமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அவர்களுடைய தரவு உறுதிப்படுத்தவில்லை. அக்காலக் கைபேசி பேசுவதற்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்குமான கருவி. அதில் அதிகம் உழன்றவர் நண்பர் மிகுந்தவர். தனித்திருப்பவரின் அடைக்கலமாக அது இன்னும் மாறவில்லை.

கட்ட முடியாத அளவுக்குக் கட்டணம் ஏறிப்போனதுண்டா என்பதும் அந்த வினாநிரலின் கேள்விகளுள் ஒன்று. ஜெனீவாவில் ஜோயல் பிலியூவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட வினாநிரல், தடைசெய்யப்பட்ட இடத்தில் பயன்படுத்துதல், ஆபத்தான நிலையில் பயன்படுத்துதல், சார்ந்துவிடுதல் ஆகியவற்றோடு பணச்சிக்கலையும் ஒரு தனிக் கூறாகவே வைத்தது. உந்துதலை அடக்க இயலாமை என்பதைப் பிரித்துப் பார்த்த அக்குழு, மனம் கொந்தளிக்கும் வேளையில் பின்விளைவை எண்ணாமல் உடனே செயலில் இறங்கும் அவசர இயல்பே கைபேசிச் சிக்கலோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. அளவில்லாத் தரவுத் திட்டங்கள் பரவிய பின்னர் எழுந்த வினாநிரல்களில் பணம் பற்றிய கேள்வி பெரும்பாலும் காணாமற்போனது. மாணவரைத் தடுத்து நிறுத்திய ஒரே வெளி வேலி கட்டணம்தான் என்பதும், அது விழுந்தபின் முழுச் சுமையும் மாணவரின் மன உறுதியின் மீது வந்து விழுந்தது என்பதும் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளன.

இந்திய வளாகங்களில் இந்த வேலி விழுந்த விதம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1990களின் விடுதி மாணவருக்குத் தொலைபேசி என்பது கல்லூரி வாசலில் இருந்த, வெளியூர் அழைப்புக்கான மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத், இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் அங்கே வரிசையும் இரவில்தான் நீளும், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டாரிடம் பேச வேண்டும். 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு பேசப்பட்டபோது நிமிடக் கட்டணம் 16 ரூபாய் வரை இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003 மே மாதம் முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்து, வரும் அழைப்பு இலவசமான பின்னரே கைபேசி மாணவர் கைக்கு எட்டியது. அதன் பின்னும் சிக்கனம் ஒரு கலையாகவே நீடித்தது. மிஸ்டு கால் ஒன்றானால் கிளம்பிவிட்டேன், இரண்டானால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நண்பர்களுக்குள் குறியீடுகள் இருந்தன; 10 ரூபாய் டாப்-அப்பும் அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் ரேட் கட்டரும் எஸ்.எம்.எஸ். பேக்கும் மாத இறுதியைக் கடக்க உதவின. பண்டிகை நாள்களில் பேக் செல்லாது என்பதால் தீபாவளி வாழ்த்தை முதல் நாளே அனுப்பிவிடும் வழக்கமும் இருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனம் இலவசத் தரவோடு சேவையைத் தொடங்கிய சில மாதங்களில் இந்தச் சிக்கனக் கலை முழுவதும் பயனற்றுப்போனது.

இடைப்பட்ட காலத்தில் கல்வி நிறுவனங்களின் பார்வையில் கைபேசி ஒழுக்கச் சிக்கலாக இருந்ததே தவிர, உளவியல் சிக்கலாக இருக்கவில்லை. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2005இல் மாணவர்களுக்கு ஆடை விதிமுறையை வகுத்தபோது கைபேசிக்கும் சேர்த்தே தடை விதித்தது இதற்குச் சான்று. உளவியல் நோக்கு இந்தியாவுக்கு வந்ததை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கைபேசி கையில் இல்லாமற்போனால் எழும் அச்சத்துக்கு, 2008இல் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்துக்காக யூகவ் அமைப்பு நடத்திய கருத்துக்கணிப்பின்போது நோமோஃபோபியா என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. விளம்பர வாசனை வீசிய அப்பெயரை இந்தூர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, 200 மருத்துவ மாணவர்களிடம் கேட்டு, அவர்களுள் 18.5 விழுக்காட்டினருக்கு அவ்வச்சம் உண்டு என்று எழுதினர்.

கொரியாவின் வினாநிரல்

திறன்பேசிக்கான அளவுகோல் தென் கொரியாவில் பிறந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பி.சி. பாங் எனப்படும் கணினி விளையாட்டுக் கூடங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்தே அந்நாட்டில் தெருவுக்குத் தெரு பரவியிருந்தன. இளைஞர்கள் அங்கே நாள் கணக்கில் தங்கிவிடுவது பொதுக் கவலையாகி, இணைய அடிமைத்தனத்தைக் கண்டறியும் தேசியச் சுயசோதனை வினாநிரல் ஒன்றும் உருவாகியிருந்தது. 2009 நவம்பரில் ஐஃபோன் அங்கே விற்பனைக்கு வந்தது. 2010 மார்ச்சில் காக்காவ்டாக் என்னும் செய்திச் செயலி வெளியாகி விரைவிலேயே நாடு முழுவதையும் பற்றிக்கொண்டது. அச்செயலியில் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் 1 என்ற எண் நிற்கும். பெற்றவர் படித்ததும் அது மறைந்துவிடும். படித்தும் பதில் எழுதாதவரை அனுப்பியவர் கண்டுகொள்ள இயல்வதால், பதில் எழுதத் தாமதிப்பதற்கே ஒரு பொருள் ஏற்பட்டது. செய்தி வந்தவுடன் பார்க்க வேண்டும், பார்த்தவுடன் எழுத வேண்டும் என்ற நெருக்கடி நட்பின் பெயரால் தோன்றியது. வாட்ஸப்பின் நீலக் குறி பழகியவர்களுக்கு இந்நெருக்கடி புதிதாக இராது.

இச்சூழலில் குவான் மின் என்பவரின் தலைமையிலான குழு 2013இல் திறன்பேசி அடிமைத்தன அளவுகோலை வெளியிட்டது. முன்பிருந்த தேசிய வினாநிரலை அடிப்படையாகக் கொண்டு 33 கேள்விகளோடு அமைந்த அது, 197 பேரிடம் சோதிக்கப்பட்டது. திட்டமிட்ட வேலை தவறிப்போதல், மணிக்கட்டிலும் பிடரியிலும் வலி, கையில் இல்லாதபோதும் கருவி நினைவிலேயே நிற்றல், நேரில் பழகுவோரைவிடத் திரையில் பழகுவோரை நெருக்கமாக உணர்தல் போன்றவற்றை அது கேட்டது. அதே ஆண்டில் 540 பள்ளி மாணவர்களிடம் சோதித்து 10 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட வடிவமும் வெளிவந்தது. 60 மதிப்பெண்ணில் ஆண் பிள்ளைகளுக்கு 31, பெண் பிள்ளைகளுக்கு 33 என எல்லை வகுக்கப்பட்டது.

குறைந்த நேரத்தில் நிரப்பக்கூடிய இச்சிறு வினாநிரல் பல மொழிகளில் ஆக்கப்பட்டு உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பரவியது. கொரியப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு வரையப்பட்ட எல்லைக் கோடு, வயதும் படிப்பும் வீட்டுச் சூழலும் வேறுபட்ட பிற நாட்டு இளங்கலை மாணவர்கள் மீதும் பல ஆய்வுகளில் அப்படியே வைக்கப்பட்டது. 2022இல் ஜே ஒல்சன் குழுவினர் இந்த அளவுகோலைக் கையாண்ட 83 மாதிரிகளைத் தொகுத்து, 24 நாடுகளைச் சேர்ந்த 33,831 பேரின் மதிப்பெண்களை ஒப்பிட்டபோது சீனாவும் சவூதி அரேபியாவும் உயர்ந்தும், ஜெர்மனியும் பிரான்சும் தாழ்ந்தும் நின்றன. குடும்பத்தோடும் குழுவோடும் எப்போதும் தொடர்பில் இருப்பதைக் கடமையாகக் கருதும் சமூகங்களில், அடிக்கடி கைபேசியைப் பார்ப்பது நோயின் அறிகுறியா, நாகரிகத்தின் பகுதியா என்பதை மதிப்பெண் மட்டுமே சொல்லிவிட முடியாது.

காரணிகள் ஒவ்வொன்றாக

அளவுகோல் கைக்கு வந்ததும், அதன் மதிப்பெண்ணோடு மனத்தின் எந்தக் குறை சேர்ந்து ஏறுகிறது என்று தேடும் ஆய்வுகள் பெருகின. இவற்றுள் 2013இல் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு தனித்து நிற்கிறது. பிறர் இன்பமாக இருக்கும் இடத்தில் தான் இல்லாமற்போவதைப் பற்றிய ஓயாத உறுத்தலை, அதாவது விடுபடல் அச்சத்தை, அவர்கள் 10 கேள்விகளால் அளந்தனர். மனிதருக்குத் தன் விருப்பப்படி நடத்தல், திறமையை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல் என மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்பது எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாடு; இம்மூன்றும் நிறைவேறாதவரிடம் விடுபடல் அச்சம் மிகுந்திருப்பதையும், அவ்வச்சம் மிகுந்த முதலாண்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும்போதே சமூக ஊடகத்தைத் திறப்பதையும் அவ்வாய்வு காட்டியது. முதலாண்டு என்பது கவனிக்கத் தக்கது. பழைய நட்பு தூரத்தில் நிற்க, புதிய நட்பு இன்னும் கைகூடாமல், தன் இடம் எது என்று தெரியாமல் மாணவர் தத்தளிக்கும் காலம் அது. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மற்ற அனைவரும் வேறெங்கோ கூடியிருப்பதாகத் தோன்றுவதற்குத் திறன்பேசி தேவையில்லை. அப்படித் தோன்றும் கணத்தில் உடனே சரிபார்த்துக்கொள்ளும் வசதியைத்தான் அது தந்தது.

2014இல் டேனியல் கார்டஃபெல்ட் விந்தர் முன்வைத்த ஈடுசெய்தல் கோட்பாடு ஷாட்டனின் பழைய ஐயத்துக்கு உயிர் கொடுத்தது. மிகைப் பயன்பாட்டை நோயாகக் கொள்வதைவிட, வாழ்வில் கிடைக்காத ஒன்றை ஈடுசெய்யவோ பொறுக்க முடியாத ஒன்றிலிருந்து விலகவோ மனிதர் மேற்கொள்ளும் உத்தியாகக் கொள்வதே பொருத்தம் என்று அவர் வாதிட்டார். தேர்வை நினைத்துப் பதறும் மாணவர் புத்தகத்தைத் திறந்ததும் பதற்றம் கூடுகிறது. திரையைத் தொட்டதும் அது சற்றே தணிகிறது. தணிந்த அந்தக் கணமே அடுத்த முறையும் திரையைத் தொடுவதற்கான பரிசாகிறது. அதற்குள் படிக்கும் நேரம் குறைந்துவிடுவதால் பதற்றம் முன்னிலும் மிகுந்து திரும்புகிறது. பதற்றம் காரணமா விளைவா என்ற கேள்விக்கு இச்சுழலில் ஒற்றை விடை கிடையாது.

பிலியூவும் உடன் ஆய்வாளர்களும் ஒரே நோய் என்ற எண்ணத்தையே விட்டு மூன்று பாதைகளைப் பிரித்தனர். முதல் பாதையில் செல்பவர், தன்மீது பிறருக்கு அன்பு குன்றிவிட்டதோ என்று அஞ்சி மீண்டும் மீண்டும் உறுதி தேடுபவர். பதிலுக்காகச் செய்தி அனுப்பி, பதில் வந்ததும் ஆறுதலடைந்து, சிறிது நேரத்தில் மறுபடியும் ஐயுறுபவர். இரண்டாம் பாதையில் செல்பவர் உந்துதலை அடக்க மாட்டாதவர். வண்டி ஓட்டும்போதும் கைபேசியை எடுப்பவர். மூன்றாம் பாதை, 2005இன் ஆஸ்திரேலிய ஆய்வில் தென்பட்ட, நட்பும் கிளர்ச்சியும் நாடும் கலகலப்பான மனிதருடையது. மூவரும் ஒரே வினாநிரலில் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். ஆனால் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடுவதால் முதலாமவரின் துயர் பெருகுமே தவிரக் குறையாது.

மனச்சோர்வையும் பதற்றத்தையும் பற்றிய ஆய்வுகள் குவிந்த நிலையில், அமெரிக்காவின் ஜான் எல்ஹாயும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் அவற்றைத் தொகுத்து மதிப்பிட்டனர். மனச்சோர்வின் கடுமைக்கும் கேடு தரும் பயன்பாட்டுக்கும் இடையே நடுத்தரமான தொடர்பு சீராகக் காணப்பட்டது. பதற்றத்தோடு உள்ள தொடர்பும் சீராகவே இருந்தாலும் அளவில் சிறியதாக இருந்தது. தன்மதிப்புக் குறைவைப் பற்றிய முடிவுகள் அத்தனை உறுதியாக இல்லை. 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு குழந்தைகளும் இளைஞர்களுமாக 41,871 பேரை உள்ளடக்கிய 41 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம், உறக்கக் குறைவு ஆகியவற்றோடு தொடர்பு உறுதிப்பட்டது. எனினும் இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை ஒரே நாளில் ஒரே முறை கேட்டுப் பெற்ற விடைகளால் ஆனவை. எது முந்தியது, எது பிந்தியது என்று காட்டும் வலிமை அவற்றுக்கு இல்லை.

கருவி செய்வோர் கற்ற பாடம்

ஆய்வாளர்கள் மாணவரின் மனத்துக்குள் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, கருவியைச் செய்தவர்களும் உளவியலையே படித்துக்கொண்டிருந்தனர். பி.எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலில் புறாக்களைக் கொண்டு நிறுவிய உண்மை இத்தொழிலின் அடித்தளமாகக் கொள்ளத் தக்கது. கூண்டிலுள்ள வட்டை ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் கிடைத்தால், பசி தீர்ந்ததும் புறா ஓய்கிறது. எத்தனை முறை கொத்தினால் கிடைக்கும் என்று தெரியாதபடி மாற்றிக்கொண்டே இருந்தால் அது ஓயாமல் கொத்துகிறது. மாறுவீத வலுவூட்டல் எனப்படும் இம்முறையில்தான் சூதாட்ட எந்திரங்கள் இயங்குகின்றன. திறன்பேசியைத் திறந்தால் எப்போதும் நல்ல செய்தி இருக்குமென்றால் அதை இவ்வளவு முறை திறக்க மாட்டார்கள். சில முறை இருந்து, பல முறை இல்லாமற்போவதே விரலை அங்கே கட்டிவைக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக், கணினியைக் கொண்டு மனிதர் நடத்தையை மாற்றுவது எப்படி என்பதை ஒரு பாடத்துறையாகவே வளர்த்தவர். 2007இல் அவர் நடத்திய வகுப்பில் 75 மாணவர்கள் ஃபேஸ்புக்குக்கான செயலிகளை உருவாக்கி, பத்தே வாரங்களில் 1 கோடியே 60 லட்சம் பயனர்களைச் சேர்த்தனர். ஃபேஸ்புக்கும் 2004இல் ஹார்வர்டு மாணவர் விடுதியில் மாணவர்களால் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டதே. 2006 செப்டம்பரில்தான் அது அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. யார் யாரோடு பழகுகிறார்கள், தன்னை யார் மதிக்கிறார்கள் என்று அறியத் துடிக்கும் இருபது வயதின் ஆவலை அதே வயதினரே கருவியாக்கினர். 2009 பிப்ரவரியில் வந்த விருப்பப் பொத்தான் அந்த மதிப்பை எண்ணாக மாற்றியது. 2006இல் ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவற்ற உருளல், பக்கம் முடிந்தது என்று நிறுத்துவதற்கு இருந்த இயல்பான இடத்தையே அகற்றியது. பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். தன்மதிப்புக் குறைவு, விடுபடல் அச்சம் என்று உளவியலாளர் பெயரிட்டவற்றைத் தொழில் துறை ஈடுபாடு, திரும்ப வரும் வீதம் என்று வேறு கணக்கேட்டில் எழுதிக்கொண்டது.

அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

இவ்வாய்வுகளில் எப்போதும் பல்கலைக்கழக மாணவர்களே வருவதற்கு அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் என்பது மட்டும் காரணமன்று. உளவியல் துறையின் கைக்கு எட்டிய மனிதர் அவர்களே. வகுப்பு மதிப்பெண்ணுக்கு ஈடாக வினாநிரலை நிரப்பித் தரும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. மனித மனம் பற்றிய அறிவு இரண்டாமாண்டு மாணவர்களின் மனம் பற்றிய அறிவாகக் குறுகிவிட்டதோ என்று டேவிட் சியர்ஸ் 1986லேயே எச்சரித்திருந்தார். வீட்டைவிட்டுப் பிரிந்து, தேர்வுக்கும் வேலைக்கும் அஞ்சி, அடையாளத்தைத் தேடும் வயதில் உள்ளவர்களையே மீண்டும் மீண்டும் அளந்தால் பதற்றமும் தனிமையும் அகப்படாமல் இரா.

அளந்த முறையிலும் ஓட்டை இருந்தது. 2015இல் பிரிட்டனில் சாலி ஆண்ட்ரூஸ் குழுவினர் 18 முதல் 33 வயது வரையிலான 23 பேரின் கைபேசிகளில் பதிவு மென்பொருளை நிறுவி இரு வாரங்கள் கண்காணித்தனர். அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 85 முறை கைபேசியை எடுத்தனர்; ஆனால் கேட்டபோது சுமார் 37 முறை என்றே கணித்திருந்தனர். அப்பயன்பாடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை 30 விநாடிக்கும் குறைவானவை. எடுத்ததே நினைவில் தங்காத அளவுக்குக் கை பழகியிருந்தது. 2019இல் டேவிட் எல்லிஸ் குழுவினர் ஐஃபோனில் பதிவாகும் திரை நேரத்தோடு பல அளவுகோல்களை ஒப்பிட்டபோது, அடிமைத்தன மதிப்பெண்ணுக்கும் உண்மைப் பயன்பாட்டுக்கும் உள்ள உறவு பலவீனமாகவே இருந்தது. வினாநிரல்கள் அளந்தது பழக்கத்தை அன்று. பழக்கத்தைப் பற்றி மாணவர் கொண்டிருந்த கவலையையும் குற்ற உணர்வையுமே அவை பெருமளவு அளந்தன. மனச்சோர்வு உடையவர் தம் செயல்கள் அனைத்தையும் கடுமையாக மதிப்பிடுவது இயல்பாதலால், மனச்சோர்வும் கைபேசி மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறியதில் ஒரு பங்கு இந்தக் கண்டிப்பான தன்மதிப்பீட்டின் விளைவாகவும் இருக்கலாம்.

இத்தகைய ஐயங்களே மருத்துவ வகைப்பாட்டைத் தயங்க வைத்தன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற, நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில், மின்னணு விளையாட்டுகளில் கட்டின்றி மூழ்குவதைக் குறிக்கும் விளையாட்டு நோய் இடம்பெற்றது. திறன்பேசி அடிமைத்தனம் இடம்பெறவில்லை. போதைக்குரிய கடுமையான உடல், மன விளைவுகள் கைபேசிக்கு நிறுவப்படவில்லை என்று 2018இல் வாதிட்ட தயானா பனோவாவும் சேவியர் கார்போனெலும், அடிமைத்தனம் என்பதைக் கைவிட்டு, சிக்கலான பயன்பாடு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைத்தனர்.

கல்வி, மருத்துவ நிறுவனங்களின் மறுமொழியும், இதைக் கருவியின் தீங்காகக் காண்பதா மனத்தின் துயராகக் காண்பதா என்ற இருமையைக் காட்டுகிறது. 2015 ஏப்ரலில் ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத் தலைவர் யாமசாவா கியோஹிதோ, புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் திறன்பேசியை விடுகிறீர்களா, இப்பல்கலைக்கழகத்தை விடுகிறீர்களா என்று வினவிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். ஓராண்டுக்கு முன், 2014இல், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்த உதவும் ஷட் எனப்படும் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியிருந்தது. தேவையற்ற பயன்பாட்டைக் குறைப்பதோடு, அதன் பின்னுள்ள மனச்சோர்வையும் பதற்றத்தையும் குடும்பப் பிணக்கையும் கண்டறிந்து நீக்குவது அத்தகைய சிகிச்சையின் வழி. முதலாவது கருவியை விலக்கச் சொல்கிறது. இரண்டாவது கருவியை நாடவைத்ததைத் தேடுகிறது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இரண்டாவது வழியின் பக்கமே சான்று கூறுகிறது. கணினிக் கூடத்துக்கும் குறுஞ்செய்திக்கும் முடிவற்ற திரைக்கும் இடையே கருவி முற்றிலும் மாறியது. மாணவரின் தனிமையும் தேர்வு அச்சமும் ஏற்பு வேண்டும் ஆவலும் மாறவில்லை. மாறியவை இரண்டு: இடையில் நின்ற கட்டண வேலி விழுந்தது, அந்த ஆவலைக் கணக்கிட்டு இயங்கும் தொழில் எழுந்தது. எனவே மாணவரின் மன உறுதியை மட்டும் குறை கூறுவது பாதி உண்மையை விட்டுவிடும்; கருவியை மட்டும் குறை கூறுவதும் அவ்வாறே. வினாநிரல்கள் கைபேசியைப் பற்றிக் கேட்ட அளவுக்கு விடுதி அறையைப் பற்றியும், முதலாண்டில் நண்பர் கிடைத்தனரா என்பதைப் பற்றியும், தேர்வு முறை மாணவரை எங்கே நிறுத்துகிறது என்பதைப் பற்றியும் கேட்கவில்லை. அக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு மாணவருக்கு முன்பாகப் பல்கலைக்கழகத்துக்கே உரியது.